இறுகும் எண்ணெய்

ஓடும் பொருளை நிறுத்துதல், நின்ற பொருளை ஓட்டுதலினும் அரிய செயலாகும். திருவிழாக் காலத்தில் தேர்வடம் பற்றி இழுப்போர் பல்லாயிரவர். அத்தேரை வேண்டுமிடத்து நிறுத்துவோரோ, உருளும் சக்கரத்தின்கீழ் முட்டுக்கட்டை இடுவதிற் கைதேர்ந்த சிலரே ஆவர். அவர்தம் கண்ணும் கையும் இமைப்பொழுது பிழைப்பினும் பேரிடர் நேரும். உந்துவண்டிக்கும் இவ்வுண்மை பொருந்தும். வண்டியின் விரைவைப் பெருக்கும் எந்திரத்தைப் பலரும் வியந்து பேசுவர். அவ்விரைவை அடக்கும் பிரேக்கு என்னும் தடைக்கருவியை, அது பழுதுறும் நாள்வரை எண்ணிப் பார்ப்பார் மிகச் சிலர்.

இன்று சாலைகளில் ஓடும் கார்களுட் பெரும்பாலானவை எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கும் தடைக்கருவிகளை உடையன. ஓட்டுநர் காலால் மிதியை அழுத்துகின்றார். அவ்வழுத்தம் ஓர் உருளையினுள் அடைபட்ட எண்ணெயைச் சேர்கின்றது. அடைபட்ட நீர்மத்தில் ஓரிடத்துக் கொடுத்த அழுத்தம் குறைவின்றி எல்லாத் திசையினும் பரவும் என்பது பாசுகல் என்னும் பிரெஞ்சு அறிஞர் கண்ட விதி. அவ்விதிப்படி அழுத்தம் குழாய்களின் வழியே நான்கு சக்கரங்களையும் அடைந்து, சுழலும் வட்டத் தகட்டின் இருமருங்கும் பிரேக்குக் கட்டைகளை நெருக்குகின்றது. உராய்வினால் சக்கரத்தின் சுழற்சி அடங்குகின்றது.

ஏறத்தாழ நூறாண்டுகள் பயன்பட்டுச் செம்மையுற்ற இம்முறையில் ஒரு குறையும் உண்டு. மிதியை அழுத்தும் நேரத்திற்கும் கட்டைகள் தகட்டை இறுகப் பற்றும் நேரத்திற்கும் இடையே 0.2 முதல் 0.3 நொடி கழிகின்றது எனப் பொறியியல் ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். இஃது ஒரு காலமா என இகழ்தல் கூடாது. மணிக்கு 72 கிலோமீட்டர் விரைவிற் செல்லும் வண்டி ஒரு நொடியில் 20 மீட்டர் கடக்கும். ஆகவே, 0.2 நொடியில் 4 மீட்டரும் 0.3 நொடியில் 6 மீட்டரும் அது தடையின்றியே ஓடிவிடும். பந்தினைத் துரத்திச் சாலைக்கு வந்துவிட்ட சிறுவனுக்கும் வண்டியின் முகப்பிற்கும் இடையே எஞ்சும் தொலைவு சில வேளைகளில் இந்த 4 மீட்டராகவே இருத்தல் கூடும். கண் கண்டதை உணர்ந்து ஓட்டுநரின் கால் அசைதற்கு ஆகும் காலம் வேறு; அஃது இக்கணக்கிற் சேர்ந்ததன்று.

இவ்விடைவெளியைச் சுருக்குதற்கு ஒரு வழி, குழாயும் எண்ணெய் அழுத்தமும் இன்றி, மின்னோட்டத்தைக் கொண்டே சக்கரத்தைப் பற்றச் செய்தல். மின்னோட்டத்திற்கு அடங்கும் ஒரு விந்தை எண்ணெய் உண்டு. அதனைக் காந்தப் பாய்மம் என்று கூறலாம்.

காந்தத்தின்மேல் ஒரு தாளை விரித்து, அதன்மேல் இரும்பு அரத்தூளைத் தூவி மெல்லத் தட்டினால், தூள் கோடு கோடாக அணிவகுத்து நிற்றலை மாணவர் பள்ளி ஆய்வகத்திற் கண்டிருப்பர். அவ்விரும்புத் தூளே எண்ணெயில் மிதப்பின் யாதாகும்? மிகத் தூய இரும்பை நுண்ணிய உருண்டைத் துகள்களாக்கி, சிலிக்கோன் எண்ணெய் போன்றதொரு நெய்மத்திற் கலப்பர். ஒவ்வொரு துகளின் குறுக்களவும் பெரும்பாலும் 1 முதல் 10 மைக்ரோமீட்டர் வரையினதாகும். ஒரு மைக்ரோமீட்டராவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கலவையின் பருமனில் நூற்றுக்கு 20 முதல் 40 பங்கு வரை இரும்பே இருக்கும். ஆதலின், இவ்வெண்ணெய் கையில் ஏந்தினார் வியக்குமளவு கனமானது. ஒரு லிட்டர் 3 கிலோகிராமிற்கு மேலும் நிறைகொள்ளக்கூடும்.

காந்தம் அருகில் இல்லாதபோது இக்கலவை கருஞ்சாம்பல் நிறக் கூழ்போல் ஒழுகும். காந்தப் புலம் ஊடுருவிய அளவிலே ஒவ்வொரு துகளும் ஒரு சிறு காந்தமாக மாறுகின்றது. ஒன்றன் வடமுனை மற்றொன்றன் தென்முனையை ஈர்க்க, துகள்கள் கைகோத்த மாந்தர்போல் சங்கிலி சங்கிலியாக நிற்கின்றன. அச்சங்கிலிகளை அறுத்தாலன்றிக் கூழ் நகராது. இம்மாற்றம் ஆயிரத்தில் சில பகுதி நொடியில் நிகழ்வது. புலத்தை நீக்கினால் அவ்வளவு விரைவில் மீண்டும் ஒழுகத் தொடங்குவது. மார்கழிக் குளிரில் நெய் உறைவதோடு இதனை ஒப்பிடத் தோன்றும். ஆனால், நெய் உறையுங்கால் நெய்யே தன் நிலை மாறுகின்றது. ஈண்டு எண்ணெய் எண்ணெயாகவே உள்ளது. அதன் நடுவே நின்ற இரும்புத் துகள்களே ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. புலம் மிக மிகப் பற்றும் மிகும், குறையக் குறையும். விரும்பிய அளவிற்கு விரும்பிய நேரத்தில் இறுக்கவும் தளர்த்தவும் கூடியதாதலே இதன் தனிச்சிறப்பு.

இதனைக் கண்டு பயன்கொண்ட முன்னோடி சேக்கப் இராபினோ என்பார். அவர் 1910ஆம் ஆண்டில் அன்றைய உருசியப் பேரரசைச் சேர்ந்த கார்கிவ் நகரிற் பிறந்தவர். 1921ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்று குடியேறியவர். நியூயார்க்கு நகரிற் பொறியியல் பயின்று, 1938ஆம் ஆண்டில் வாசிங்டனில் இருந்த தேசியத் தர அளவை நிலையத்திற் பணியேற்றார். 1948ஆம் ஆண்டில், இரு தகடுகளுக்கிடையே இரும்புத் தூள் கலந்த எண்ணெயை நிரப்பி, மின்காந்தத்தால் அவற்றைப் பிணைக்கும் கிளட்சு ஒன்றனை அவர் உலகிற்கு அறிவித்தார். அதன் வலிமையைக் காட்டுதற்கு, ஓர் இளம்பெண்ணின் உடற்பாரம் முழுவதும் அந்த எண்ணெயின் பற்றிலேயே தொங்குமாறு செய்து படமும் எடுத்தனர். இருநூற்றுக்கு மேற்பட்ட காப்புரிமைகள் பெற்ற அவர் 1999ஆம் ஆண்டில் மறைந்தார். ஆயினும், அவர் கண்ட பாய்மம் நெடுங்காலம் பெரும்பயன் கொள்ளப்படாமலே கிடந்தது. இரும்பு அடியிற் படிந்து போதலும் உறுப்புகள் தேய்தலும் அதற்குத் தடையாயின. நொடிதோறும் மின்னோட்டத்தை அளந்து மாற்ற வல்ல சிறு கணிப்பொறிகளும் அந்நாளில் இல்லை.

இப்பாய்மத்தைக் கொண்டு தடைக்கருவி அமைக்கும் முறை கேட்பதற்கு எளிதாகவே உள்ளது. சக்கரத்தின் அச்சோடு சுழலும் வட்டத்தகடு ஒன்றை, அசையாத இரும்புப் பேழையினுள் அடைப்பர். தகட்டிற்கும் பேழைக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடுக்கு விட்டு, அதனைக் காந்தப் பாய்மத்தால் நிரப்புவர். பேழைக்குள் செம்புக் கம்பிச் சுருள் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். மின்சாரம் பாயாதபோது தகடு எண்ணெயில் வழுக்கிச் சுழலும். பாய்ந்தபோது துகட்சங்கிலிகள் இடுக்கின் குறுக்கே நின்று தகட்டைப் பேழையோடு பிணைக்கும். கட்டையும் தகடும் ஒன்றோடொன்று தேயும் நிலை இங்கு இல்லை. சக்கரம் வழுக்காதவாறு நொடியிற் பலமுறை இறுக்கித் தளர்த்துதலும் மின்னோட்டத்தை மாற்றுவதாலேயே கைகூடும்.

எனினும், ஒரு பொருளின் விந்தைப் பண்பைக் காண்பது வேறு. அதனைக் கருவியாக்குவது வேறு. வலிமையைக் கணக்கிடத் தொடங்கியவுடன் இடர் முகங்காட்டுகின்றது. நன்கு காந்தமேற்ற நிலையில் இத்தகைய பாய்மம் தாங்கும் நழுவல் தகைவு பொதுவாக 50 கிலோபாசுகலுக்கும் 100 கிலோபாசுகலுக்கும் இடைப்பட்டது. 50 கிலோபாசுகல் என்பதை எளிய மொழியிற் கூறின், ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பை நழுவச் செய்ய ஏறத்தாழ அரைக் கிலோகிராம் எடையின் இழுப்புப் போதும் என்பதாம். வழக்கமான பிரேக்குக் கட்டையோ, வன்மையாக அழுத்தப்படும்போது, அதே பரப்பில் இதனிற் பல மடங்கு இழுப்பைத் தாங்கும். ஆகவே, காந்தப் பாய்மம் தன் மென்மையைப் பரப்பின் மிகுதியால் ஈடுசெய்தல் வேண்டும்.

ஒரு கணக்கினை நோக்குக. புற ஆரம் 10 சென்டிமீட்டரும் அக ஆரம் 5 சென்டிமீட்டரும் உடைய தகட்டின் ஒரு முகத்தில், நடைமுறையில் 40 கிலோபாசுகல் தகைவு கிட்டுகின்றது எனக் கொள்ளலாம். அம்முகம் தரும் திருக்கு விசை ஏறத்தாழ 73 நியூட்டன் மீட்டர். இரு முகத்திற்கும் 146. இத்தகைய தகடுகள் இரண்டனைக் கோத்தால் 293. இனித் தேவையை நோக்குக. 1000 கிலோகிராம் நிறையுள்ள வண்டியை நொடிக்கு நொடி 7 மீட்டர் வீதம் விரைவு குறையுமாறு நிறுத்த, 7000 நியூட்டன் விசை வேண்டும். சக்கரத்தின் ஆரம் 30 சென்டிமீட்டராயின், நான்கு சக்கரங்களுக்கும் சேர்ந்து 2100 நியூட்டன் மீட்டர். சக்கரம் ஒன்றுக்குச் சராசரி 525. பிரேக்குப் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாய்வதால் முன்சக்கரங்களுக்கு இதனினும் மிகுதியாக வேண்டும். இரு தகடுகள் கொண்ட கருவி, தேவையில் பாதிக்குச் சற்று மேல் நின்றுவிடுகின்றது.

தகட்டைப் பெரிதாக்கினால் என் என வினவலாம். நல்ல வினாவே. திருக்கு விசை ஆரத்தின் மும்மடியைப் பொறுத்து வளர்வது. ஆரங்களை இருமடங்காக்கின் விசை எண்மடங்காகும். ஆனால், கருவி முழுவதும் சக்கரத்தின் வளையத்துக்குள் அடங்குதல் வேண்டும். அவ்விடத்தில் தகடு மட்டுமன்றி, பேழையின் சுவரும் கம்பிச் சுருளும் இடங்கொள்கின்றன. சுருளைப் பெரிதாக்கினால் தகடு சிறுக்கும். தகட்டைப் பெரிதாக்கினால் சுருள் சிறுத்துக் காந்தப் புலம் தளரும். தகடுகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் எடை ஏறும். காந்தக் கோடுகள் கடக்க வேண்டிய இடுக்குகளும் பெருகும்.

இடுக்கின் அளவிலும் இத்தகைய இழுபறி உண்டு. அதனைக் குறுக்கினால் சிறிய மின்னோட்டமே வலிய புலத்தைத் தரும். ஆனால், குறுகிய இடுக்கில் எண்ணெயின் பிசுபிசுப்பு மிகுதியாக இழுக்கும். ஓட்டுநர் பிரேக்கைத் தொடாதபோதும் சக்கரம் இந்த இழுப்பை எதிர்த்தே ஓட வேண்டியிருக்கும், எரிபொருள் வீணாகும், எண்ணெயும் சூடேறும். மின்னோட்டத்தை மேன்மேலும் கூட்டிப் பயன்பெறலாமோ எனின், அதற்கும் எல்லை உண்டு. இரும்பு ஓரளவிற்குமேல் காந்தமேறாது. அந்நிலைக்கு அப்பாற் செலுத்தும் மின்சாரம் சுருளைச் சூடாக்குவதன்றி வேறு பயன் தராது. பேழைக்குத் தேரும் உலோகமும் கருதத் தக்கது. கரிமம் குறைந்த மெல்லிய எஃகே இதற்கு ஏற்றது. வன்மையான எஃகினைக் கொண்டால் மின்சாரத்தை நிறுத்திய பின்னும் காந்தத் தன்மை எஞ்சி நின்று, விடுபட வேண்டிய சக்கரத்தைப் பற்றிக்கொண்டே இருக்கும். காந்தக் கோடுகள் குறுக்குவழியே பேழைக்குள் ஓடி மறையாமல், பாய்மத்தை ஊடுருவியே செல்லுமாறு, காந்தமேறாத அலுமினிய வளையங்களை இடையிடையே வைத்தலும் உண்டு. வாய்க்கால் நீரை வயலுக்குத் திருப்ப வரப்பிட்டு மடைமாற்றும் உழவர் செயலை இது நினைப்பூட்டும்.

இவை அனைத்தினும் கொடிது வெப்பம். மேலே கூறிய 1000 கிலோகிராம் வண்டி மணிக்கு 72 கிலோமீட்டர் விரைவிற் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் 200000 சூல் ஆகும். வண்டி நிற்கும்போது இவ்வாற்றல் அழிவதில்லை. பெரும்பகுதியும் தடைக்கருவிகளில் வெப்பமாக மாறுகின்றது. அறையின் வெப்பநிலையிலுள்ள ஏறத்தாழ 600 கிராம் நீரைக் கொதிநிலைக்குக் கொணர அது போதும். அதுவும் சில நொடிகளில். இரும்புத் தகடும் கட்டையும் வெளிக்காற்றில் நின்று பலநூறு பாகை வெப்பத்தையும் பொறுக்கும். காந்தப் பாய்மமோ மூடிய பேழைக்குள் மெல்லிய ஏடாகக் கிடப்பது. விற்பனைக்குக் கிடைக்கும் இவ்வகைப் பாய்மங்கள் பலவும் ஏறத்தாழ 130 பாகை செல்சியசு வரையிலேயே பயன்படுத்தத் தக்கன. மலைச்சரிவில் மீண்டும் மீண்டும் பிரேக்குப் பிடித்து இறங்கும் வண்டியை எண்ணின், இவ்வெல்லை எவ்வளவு குறுகியது என்பது விளங்கும்.

இரும்புத் துகள் எண்ணெயினும் பன்மடங்கு கனமானது. ஆகவே, வண்டி நெடுநாள் நிற்பின் அடியிற் படியும். ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க ஒலிக அமிலம் போன்றவற்றை அதனுடன் சேர்ப்பர். அச்சு வெளிவரும் இடத்தில் எண்ணெய் கசியாதவாறு இடும் அடைப்பு வளையங்களை அத்துகள்கள் அரம்போல் அராவும். மின்கலம் செயலற்றால் பிரேக்கும் செயலறும் என்பதும் அமைப்போர் மறவாத அச்சம். அதன்பொருட்டு நிலைக்காந்தத்தைத் துணையாகக் கொள்ளும் அமைப்புகளும் ஆராயப்பட்டுள்ளன.

ஒன்றைப் பெற மற்றொன்றை இழக்க வேண்டிய இந்நிலையில், சிறந்த அளவுகளை எவ்வாறு தேர்வது? தகட்டின் ஆரம், தடிப்பு, இடுக்கு, சுருளின் அகலம், உயரம், பேழையின் தடிப்பு என மாறக்கூடியன பல. ஒவ்வொன்றையும் செய்து பார்த்தால் ஓர் ஆயுளும் போதாது. ஆகவே, பொறிஞர் கருவியின் உருவத்தைக் கணிப்பொறியில் வரைந்து, அதனை ஆயிரக்கணக்கான நுண்கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொரு கூற்றிலும் காந்தப் புலமும் வெப்பமும் எவ்வளவு எனக் கணக்கிடுவர். பின்னர் அளவுகளைச் சிறிது சிறிது மாற்றி, எடை குறைந்து விசை மிகும் அமைப்பைத் தேடுவர். இத்தேட்டத்திற் கையாளும் முறைகளுள் ஒன்று கொல்லன் உலையிலிருந்து பெயர் பெற்றது. காய்ச்சிய உலோகத்தை மெல்ல ஆறவிட்டால் அதன் அணுக்கள் செவ்விய நிலையில் அமையும். அதுபோல, தொடக்கத்தில் அளவுகளைத் தாராளமாக மாற்றி, சில வேளை தீய மாற்றத்தையும் ஏற்று, வரவர மாற்றத்தின் துணிவைக் குறைத்துக்கொண்டே வருவது அம்முறை. கண்முன் உள்ள சிறு மேட்டையே மலையுச்சி என மயங்கி நின்றுவிடாமல் காப்பது அதன் பயன்.

கனடா நாட்டு விக்டோரியா பல்கலைக்கழக ஆய்வாளர் இவ்வழியிற் பல ஆண்டுகள் உழைத்தனர். பொருள்தேர்வு, அடைப்பு, பிசுபிசுப்பு, மின்னோட்டம் ஆகிய அனைத்தையும் சீர்தூக்கிக் கணித்த அமைப்பை அவர்கள் கருவியாகவே செய்து, சுழலவிட்டு அளந்தனர். 2008ஆம் ஆண்டில் வெளிவந்த அவர்தம் கட்டுரை இரு செய்திகளைக் கூறுகின்றது. கணிப்பொறி முன்கூட்டிச் சொன்ன அளவும் கருவி காட்டிய அளவும் நன்கு ஒத்திருந்தன என்பது ஒன்று. பெற்ற விசையோ வழக்கமான எண்ணெய்ப் பிரேக்கின் விசையினும் மிகக் குறைவு. கருவியின் அடிப்படை அமைப்பே மாறினாலன்றிக் காருக்கு ஏற்றதாகாது என்பது மற்றொன்று. தாம் அரும்பாடுபட்டுச் செய்த கருவியைப் பற்றித் தாமே இவ்வாறு எழுதிய நேர்மை பாராட்டத் தக்கது. முதற்செய்தியும் சிறிதன்று. கணக்கு மெய்யெனத் தெளிந்தமையால், பின்வந்தோர் அதனை நம்பிப் புதிய வடிவங்களைத் தேட முடிந்தது. 2010ஆம் ஆண்டில் தென்கொரியாவின் இன்ஹா பல்கலைக்கழக ஆய்வாளர், பிரேக்குப் பிடியாத வேளையில் எண்ணெயின் இழுப்பால் எழும் வெப்பத்தையும் தம் கணக்கிற் சேர்த்து அளவுகளைத் தேர்ந்தனர். தகட்டிற்கு மாற்றாக உருளை வடிவும், தகடும் உருளையும் இணைந்த வடிவும், பல சுருள்கள் கொண்ட வடிவும் ஆராயப்பட்டு வருகின்றன.

காரின் சக்கரத்தை நிறுத்தும் பணி இன்னும் கட்டைக்கும் தகட்டிற்குமே உரியதாக உள்ளது. ஆனால், வெப்பமும் விசையும் அளவாக வேண்டப்படும் இடங்களில் காந்தப் பாய்மம் பணியேற்றுவிட்டது. அமெரிக்காவின் இலார்டு நிறுவனம் 1995ஆம் ஆண்டில் உடற்பயிற்சிப் பொறிகளுக்கு இப்பாய்மத்தாலான சிறு பிரேக்கை அளித்தது. நின்றவிடத்தே மிதிவண்டி மிதிப்பவர்க்கு ஏறுமுகச் சாலையின் கடுமையை அது உண்டாக்கியது. 2002ஆம் ஆண்டில் காடிலாக்கு செவில் என்னும் காரின் அதிர்வு தாங்கிகளில் இப்பாய்மம் இடம்பெற்றது. மேடுபள்ளத்திற்கேற்ப நொடியிற் பலமுறை இறுகியும் தளர்ந்தும் வண்டியைக் குலுங்காமற் காத்தது.

சில ஆண்டுகளில் இதனினும் நுட்பமான இடமொன்று அமைந்தது. மாசசூசெட்சுத் தொழில்நுட்பக் கழக ஆய்வினின்று தோன்றி, ஐசுலாந்து நாட்டு ஓசூர் நிறுவனம் வெளிக்கொணர்ந்த செயற்கை முழங்காலில், மெல்லிய எஃகுத் தகடுகள் பலவற்றின் இடையே இப்பாய்மம் நிரப்பப்பட்டுள்ளது. காரை நிறுத்தப் போதாத அந்த விசை, நடக்கும் ஒருவரின் முழங்காலை அடக்கப் போதுமானது. காலை இழந்தவர் படியில் இறங்குகையில், உள்ளிருக்கும் சிறு கணிப்பொறி மின்னோட்டத்தைக் கூட்ட, எண்ணெய் இறுகி அவர் உடற்பாரத்தைத் தாங்குகின்றது. அடுத்த அடிக்குக் காலை வீசும்போது அது தளர்ந்து வழிவிடுகின்றது.